தாழ்ப்பாள் உள்பக்கம்

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால் ஒரு வரியில் சொல்லி முடிக்க எனக்கு இன்னும் வருவதில்லை. நான் நர்ஸ் இல்லை, விடுதி வார்டன் இல்லை, சமையலுக்கு வைத்த ஆளும் இல்லை. மனநல மருத்துவமனையிலும் காப்பகங்களிலும் பல வருடங்கள் இருந்து, வார்டில் இருக்கவேண்டிய அவசியம் தீர்ந்தபிறகும் திரும்பிப் போக வீடில்லாமல் போன பெண்கள் ஐந்து பேர், செங்கல்பட்டு மாவட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஓர் ஊரில் வாடகை வீட்டில் சேர்ந்து வாழ்கிறார்கள். நான் அவர்களோடு இருக்கிறேன். பகலுக்கு ஒருத்தி, இரவுக்கு ஒருத்தி என்று முறைவைத்து எங்களில் யாராவது எப்போதும் அந்த வீட்டில் இருப்போம்.

அவர்கள் பெயரை எழுதப்போவதில்லை. எனக்குச் சம்பளம் தரும் அமைப்பின் பெயரையும் எழுதவில்லை. அதைச் சொன்னால் தெரு தெரிந்துவிடும், தெரு தெரிந்தால் வீடு தெரிந்துவிடும். அடையாளம் மறையச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வீட்டில் எப்படிக் கூப்பிட்டுக்கொள்கிறோமோ அப்படியே இங்கேயும் இருக்கட்டும்: பெரியம்மா, திருநெல்வேலி அக்கா, டீச்சரம்மா, தெலுங்கம்மா, சின்னவள்.

தமிழ்நாட்டில் இந்த மாதிரி வீடுகளுக்கு வழி காட்டியது ‘தி பான்யன்’. வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம் பெண்கள் 1993இல் சென்னையில் தொடங்கிய அமைப்பு அது. தெருவில் திரிந்த, மனநலம் குன்றிய பெண்களுக்கு அடைக்கலம் கொடுப்பதில் ஆரம்பித்தார்கள். சிகிச்சை முடிந்து பலரை ஊருக்கு அனுப்பியும் வைத்தார்கள். ஆனால் அனுப்ப முடியாதவர்கள் தேங்கிக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்காக 2015இல் ‘ஹோம் அகெய்ன்’ என்ற பெயரில் ஊருக்குள் வாடகை வீடுகள் எடுக்க ஆரம்பித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சமூக மனநலச் சேவைகள் பற்றி வெளியிட்ட வழிகாட்டியில் நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாக அதைச் சேர்த்திருக்கிறது. எங்கள் வீடும் அந்த வழியில் வந்ததுதான்.

இந்த வீடுகள் ஏன் வேண்டியிருக்கின்றன என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நாட்டில் 43 அரசு மனநல மருத்துவமனைகளில் எடுத்து 2019இல் வெளியான ஆய்வில், உள்ளே இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் ஓராண்டுக்கு மேல் அங்கேயே தங்கியவர்கள் என்று தெரியவந்தது. அப்படித் தங்கியவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. புருஷனுக்கு வந்தால் பெண்டாட்டி கூடவே அலைகிறாள், மாத்திரை வாங்க வரிசையில் நிற்கிறாள். பெண்டாட்டிக்கு வந்தால் அவளை அம்மா வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். அம்மா உயிரோடு இருக்கும்வரை மாதம் ஒருமுறை பார்க்க வருவார். அம்மா போனபிறகு அண்ணன் வருவார், பிறகு போன் எண் மாறிவிடும். எங்கள் ஐந்து பேரில் மூன்று பேருக்கு இதுதான் நடந்தது. அண்ணன்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இரண்டு அறை வீட்டில், தினக்கூலியில், தூங்காத ஒருத்தியை எந்த உதவியும் இல்லாமல் வைத்துக் காப்பாற்றிப் பார்த்தால்தான் தெரியும். உதவி அவர்கள் வாசலுக்கு வந்திருந்தால் பாதிப்பேர் இங்கே வந்திருக்க மாட்டார்கள்.

வார்டிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் வாரங்களில் ஐந்து பேரும் வார்டையே கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து குளியலறை வாசலில் துண்டோடு வரிசையில் நிற்பார்கள். சாயந்திரம் ஆறு மணிக்குத் தட்டோடு கூடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். சாப்பாட்டை யாரோ பிடுங்கிவிடப்போகிற வேகத்தில் விழுங்குவார்கள். பெரியம்மாவின் தலையணைக்கு அடியில் இட்லி இருக்கும். ஒன்றுக்குப் போகக்கூட “சிஸ்டர், போகலாமா?” என்று கேட்பார்கள். கட்டில் இருக்கும், தரையில் படுப்பார்கள். அறை விளக்கை அணைக்கமாட்டார்கள், ஏனென்றால் சுவிட்ச் அவர்கள் கையில் இருந்ததே இல்லை.

இந்த இடத்தில்தான் எங்கள் வேலை ஆரம்பிக்கிறது. பெரும்பாலும் அது எதையும் செய்யாமல் இருப்பது. “இனிமே கேட்க வேணாம்மா, நீங்களே போங்க” என்று சொன்னால் அதுவும் ஒரு உத்தரவுதான். அவர்கள் அதையும் கீழ்ப்படிந்து கேட்டுக்கொள்வார்கள். அதனால் நாங்கள் மணி பார்த்துச் சோறு போடுவதை நிறுத்தினோம். அடுக்களையில் சாப்பாடு இருக்கும், மூடியிருக்கும், தட்டு அலமாரியில் இருக்கும். பசித்தவர் போட்டுக்கொள்ளலாம். முதல் சில நாள் யாரும் எழுந்து வரவில்லை. பசியோடு உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார்கள். எழுந்துபோய்ப் பரிமாறத் துடிக்கும் கையை அடக்கி உட்கார்ந்திருப்பது, பிள்ளைகளுக்கு ஊட்டி வளர்த்த ஒருத்திக்கு எவ்வளவு கடினம் என்று சொல்லி முடியாது. கடைசியில் ஒருவர் எழுந்தார். தனக்கு மட்டுமல்ல, ஐந்து தட்டிலும் போட்டார். தலையணைக்கு அடியில் இட்லி வைப்பது நிற்க மாதங்கள் ஆயின. அதை நாங்கள் எடுத்து எறியவில்லை, திட்டவும் இல்லை. ஒரு டப்பா வாங்கி அவர் அறையில் வைத்தோம். அதில் எப்போதும் முறுக்கோ பிஸ்கட்டோ இருக்கும். எடுத்தால் மறுபடி நிரப்பிவிடுவோம்.

துணி அடுத்தது. வார்டில் துவைத்த துணி குவியலாக வரும், யாருக்கு எது கிடைக்கிறதோ அது. உள்ளாடைக்கும் அதே கதிதான். தனக்கென்று உள்ளாடை இல்லாமல் பதினைந்து வருடம் வாழ்ந்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் இதெல்லாம் எழுதியிருக்கிறது: விரும்பினால் சொந்தத் துணியை உடுத்தலாம், சீருடை கட்டாயமில்லை, விருப்பமில்லாமல் மொட்டை அடிக்கக்கூடாது, மாதவிலக்குக்கு வேண்டியதைத் தரவேண்டும். சட்டம் எழுதுகிற அளவுக்கு இவை பறிபோயிருந்தன என்பதுதான் இதில் படிக்கவேண்டியது.

துணிக்கடைக்குக் கூட்டிப்போனபோது திருநெல்வேலி அக்கா எந்தப் புடவையையும் தொடவில்லை. “நீ எடு” என்றார் என்னிடம். நான் எடுக்கவில்லை. கடைக்காரப் பையன் பொறுமையாகப் பிரித்துப் பிரித்துப் போட்டான். கடைசியில் எதுவும் வாங்காமல் திரும்பினோம். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த முறை கடைக்குள் நுழைந்ததும் ஒரு அரக்குப் புடவையைக் காட்டி, “அது போன வாரமே இருந்துச்சு” என்றார். ஜாக்கெட்டுக்கு அளவெடுத்த தையல்கார அம்மா, டேப்பைத் தோளில் வைத்ததும் அக்காவின் உடம்பு விறைத்ததைப் பார்த்துவிட்டு, “பொறு தாயி, உன் பழைய ஜாக்கெட்டு ஒண்ணு கொடு, அதுலயே அளவு பார்த்துக்கறேன்” என்றார். எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போகாதவர். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த ஆசிரியர்களில் அவரையும் வைத்திருக்கிறேன்.

சமையலறையைப் பற்றி நிறையச் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் வாக்குவாதமெல்லாம் அங்கேதான். அமைப்பிலும் இதைப்பற்றிப் பெரிய பேச்சு நடந்தது. காஸ் அடுப்பு, அரிவாள்மனை, கொதிக்கிற எண்ணெய். மாத்திரையால் கை நடுங்குகிறவர்கள், தூக்கக் கலக்கம் உள்ளவர்கள். ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குப் பதிலாக அடுப்பங்கரையைப் பூட்டினால் அது வீடு இல்லை, சின்ன வார்டு. அடுப்பைத் தொடமுடியாத வீட்டில் ஒரு பெண் விருந்தாளிதான். அதனால் ஆபத்தைக் குறைக்கிற வழியாகப் பார்த்தோம். உயரமான அடுப்பு மேடை முன்னால் நிற்கக் கஷ்டப்படுகிறவர்களுக்குக் கீழே உட்கார்ந்து நறுக்க இடம். கைப்பிடி இரண்டுபக்கமும் உள்ள கனமான பாத்திரங்கள். சோறு வடிப்பதற்குப் பதில் குக்கர். சிலிண்டர் வால்வை யார் மூடுவது என்று ராத்திரி ஒருவருக்கு முறை. நான் வாசல்படியில் கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். கண் அடுப்பில் இருக்கும், வாய் சும்மா இருக்கும்.

திருநெல்வேலி அக்காவுக்கு அந்தப் பெயர் வந்ததே அடுப்பங்கரையில்தான். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அவருடைய ஊர் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. காவல்துறை சேர்த்த நாள் இருந்தது, வேறொன்றும் இல்லை. அவரும் ஊரைச் சொல்லமாட்டார். ஒருநாள் தேங்காய் வாங்கி வந்தபோது, “இன்னைக்குச் சொதி வைக்கட்டுமா?” என்றார். கூட இருந்த யாருக்கும் சொதி என்றால் தெரியவில்லை. தேங்காயைத் துருவி, முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாகப் பிழிந்து வைத்தார். இரண்டாவது மூன்றாவது பாலில் காய்களை வேகவிட்டு, பாசிப்பருப்புச் சேர்த்து, இறக்கும்போது முதல் பாலை விட்டு, இஞ்சித் துவையலோடு பரிமாறினார். சோறு பிசையும்போது, “மறுவீட்டுக்கு வைப்பாங்க, எங்க ஐயா வீட்டுல” என்றார். மறுவீட்டுக்குச் சொதி வைக்கிற ஊர் எது என்று தேட எங்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. அங்கிருந்து தெரு, தெருவிலிருந்து ஒரு தங்கை மகன் என்று போயிற்று. அவர் வந்து பார்த்தார். இப்போது பொங்கலுக்குப் பணம் அனுப்புகிறார், அக்கா அங்கே போகக் கேட்கவில்லை.

ஊரைக் கண்டுபிடிப்பதில் ஆதாரும் கைகொடுத்திருக்கிறது. தெலுங்கம்மாவுக்குப் புதிதாகப் பதியப் போனபோது, கைரேகை ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்று விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பழைய பதிவில் ஆந்திராவில் ஒரு கிராமத்து முகவரி இருந்தது. காணாமல்போவதற்கு முன் எடுத்த அட்டை. நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். மகன் வந்தான், காலில் விழுந்து அழுதான், கூட்டிப் போனான். இரண்டு மாதம் கழித்து அவனே திரும்பக் கொண்டுவந்து விட்டான். அவனைச் சிலர் கடிந்து பேசினார்கள். அம்மாவிடம் கேட்டேன். மருமகள் நல்லவள், பேரன் ஒட்டிக்கொண்டான், ஆனால் அங்கே எல்லாரும் தன்னைக் கண்ணாடிப் பாத்திரமாகப் பார்க்கிறார்கள், ஒரு வேலை செய்யவிடுவதில்லை என்றார். “பண்டிகைக்குப் போறேன். இங்க வந்துடறேன். இங்க என் கட்டில் இருக்கு” என்றார். குடும்பத்தோடு சேர்த்துவைப்பதே வெற்றி என்று அறிக்கைகளில் எழுதுகிறோம். அந்த அம்மாவின் கணக்கில் வெற்றி வேறு இடத்தில் இருந்தது. நான் அவர் பக்கம்.

மாத்திரைகளைப் பற்றிப் பேசாமல் இந்த வேலையைச் சொல்லமுடியாது. மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கின்றன. டாக்டர் எழுதுவார், நான் எழுதமுடியாது. ஆனால் டாக்டர் மாதத்தில் பத்து நிமிஷம் பார்க்கிறார், மீதி நேரமெல்லாம் பார்ப்பது நான். அதனால் எது எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொள்ளவேண்டியிருந்தது. ஒலான்சபின் சாப்பிடுகிறவருக்குப் பசி கூடும், எடை ஏறும், சர்க்கரை வரும். மாதாமாதம் எடையும் அவ்வப்போது சர்க்கரையும் பார்க்கவேண்டும். குளோசபின் சாப்பிடுகிறவருக்கு வெள்ளணு குறைகிறதா என்று ஆரம்ப மாதங்களில் வாரம் ஒருமுறை இரத்தப் பரிசோதனை, பிறகு இடைவெளி கூடும். அதைவிட அன்றாடம் பயப்படவேண்டியது மலச்சிக்கல். குளோசபினில் அது உயிருக்கே ஆபத்தாகப் போகக்கூடும். ஆகவே ‘வெளிக்குப் போனீங்களா?’ என்று காலையில் கேட்பது எங்கள் வீட்டில் கூச்சமான பேச்சு இல்லை. லித்தியம் சாப்பிடுகிற டீச்சரம்மாவுக்குச் சித்திரை வெயிலில் தனிக் கவனம். வியர்த்துக் கொட்டி உடம்பில் நீர் வற்றினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். வாந்தி, பேதி, நடையில் தள்ளாட்டம், கை நடுக்கம் கூடுவது இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் மறுநாளுக்குத் தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். உப்பைத் திடீரென்று குறைக்கச் சொல்லும் பக்கத்து வீட்டு வைத்தியத்தையும் காதில் வாங்கக்கூடாது.

நோய் திரும்புகிறது என்பதை முதலில் சொல்வது தூக்கம். டீச்சரம்மா ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பழைய நோட்டில் மார்க் போட ஆரம்பித்தால், அடுத்த நாள் நான் டாக்டருக்குப் போன் செய்துவிடுவேன். அதற்குள் நோட்டைப் பிடுங்கக்கூடாது. கூட உட்கார்ந்து, “இந்தப் பிள்ளைக்கு எத்தனை போட்டீங்க?” என்று கேட்டால் பேச்சு ஓடும், பேச்சு ஓடினால் ஒரு டம்ளர் பால் குடிப்பார்.

மாத்திரை வேண்டாம் என்று சொல்கிற நாள் எல்லாருக்கும் வரும். சாப்பாட்டில் கலந்து கொடுப்பது பல வீடுகளில் உண்டு, ஆஸ்பத்திரியிலேயே அந்த யோசனையைச் சொன்னவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் கிடையாது. ஒருமுறை குழம்பில் கலந்தது தெரிந்துவிட்டால் அந்தப் பெண் பிறகு குழம்பையே நம்பமாட்டாள், பரிமாறுகிறவளை நம்பவேமாட்டாள். யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று பயப்படுகிறவளுக்கு நாமே சாட்சி தயாரித்துக் கொடுக்கிறோம். சின்னவள் வேண்டாம் என்றபோது ஏன் என்று கேட்டேன். நாலு நாள் கேட்டபிறகு சொன்னாள்: தூங்கும்போது எச்சில் வடிந்து தலையணை நனைகிறது, அருவருப்பாக இருக்கிறது. டாக்டரிடம் அவளையே சொல்லச் சொன்னேன். அளவைப் பிரித்து மாற்றிக் கொடுத்தார். மாத்திரை வேண்டாம் என்பதற்குப் பின்னால் அநேகமாக இப்படி ஒரு காரணம் இருக்கிறது. யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

குரல்கள் கேட்கிறவரிடம் எப்படிப் பேசுவது என்று புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் கேட்பார்கள். ‘ஆமாம், எனக்கும் கேட்குது’ என்று பொய் சொல்லவேண்டாம். ‘அங்க யாரும் இல்லை, சும்மா இரு’ என்று சண்டையும் போடவேண்டாம். நான் சொல்வது: “எனக்குக் கேட்கலைம்மா. உங்களுக்குக் கேட்குதுன்னு தெரியுது. பயமா இருக்கா? நான் இங்கதான் இருக்கேன்.” பெரியம்மாவுக்கு ஒரு குரல் முப்பது வருடமாகக் கூடவே இருக்கிறது. அது முழுக்கப் போகவில்லை, போகாமலே இருக்கலாம். அதை வைத்துக்கொண்டே அவர் மல்லிகைக்குத் தண்ணீர் விடுகிறார், மாலையில் பூக்கட்டி விற்கிறார், கணக்கில் ஒரு ரூபாய் தவறுவதில்லை.

கதவைப் பற்றி. இந்த வீட்டில் தாழ்ப்பாள் உள்பக்கம்தான். வெளியே பூட்டு போடுவதில்லை. முதலில் எனக்கு ராத்திரித் தூக்கமே வரவில்லை, யாராவது எழுந்து போய்விட்டால் என்ன செய்வது என்று. என் அம்மாவுக்கு ராமநாதபுரம் பக்கம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலை அங்கே ஏர்வாடியில் மனநலம் குன்றியவர்களை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் ஓடமுடியாமல் செத்தார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கட்டிவைத்தவர்களும் பாதுகாப்புக்காகத்தான் கட்டினோம் என்றுதான் சொன்னார்கள். பூட்டுவதா வேண்டாமா என்று எங்கள் கூட்டத்தில் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்த 28 பேர் ஞாபகம் வரும். ஒருமுறை சின்னவள் சொல்லாமல் கிளம்பி மாமல்லபுரம் வரை பஸ்ஸில் போய்விட்டாள். தேடி அலைந்தோம். இருட்டுவதற்குள் அவளே திரும்பி வந்து, கடல் பார்க்கப் போனேன் என்றாள். அவளுக்கு இருபத்தேழு வயது. அந்த வயதில் ஒரு பெண் தனியாகக் கடல் பார்க்கப் போனால் குற்றமா? போன் ஒன்று வாங்கிக்கொடுத்து, போகிற இடத்தைச் சொல்லிவிட்டுப் போ என்று கேட்டுக்கொண்டோம். இப்போது சொல்லிவிட்டுப் போகிறாள். பூட்டியிருந்தால் சொல்லக் கற்றிருக்கமாட்டாள்.

பணமும் அப்படியே. வங்கியில் கணக்கு ஆரம்பிக்கப் போனால் கூட வந்தவர் கையெழுத்துப் போடட்டும் என்றார்கள். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, தன் பணத்தைத் தானே கையாளும் உரிமை எல்லாரையும்போல இவர்களுக்கும் உண்டு என்கிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்துப் பையிலேயே வைத்திருக்கிறேன். பெரியம்மா தன் பூக்காசில் பாதியைத் தெருநாய்களுக்குப் பொறை வாங்கிப் போடுகிறார். வீணாக்குகிறார் என்று ஒரு பார்வையாளர் குறிப்பு எழுதிவிட்டுப் போனார். அந்தக் காசு அவருடையது, அதைப்பற்றி எழுத நமக்கு என்ன இருக்கிறது?

ஓட்டும் போடுகிறார்கள். நீதிமன்றம் ஒருவரைச் சித்தசுவாதீனமற்றவர் என்று அறிவித்திருந்தால்தான் வாக்குரிமை போகும், மாத்திரை சாப்பிடுவதால் போகாது. 2019 நாடாளுமன்றத் தேர்தலில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை வளாகத்திலேயே வாக்குச்சாவடி வைத்தார்கள். 1794இல் தொடங்கிய அந்த மருத்துவமனையின் ஊர்ப்பெயரையே நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். அங்கே இருந்தவர்கள் வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொண்டார்கள். எங்கள் டீச்சரம்மா ஒவ்வொரு வேட்பாளர் நோட்டீசையும் வாங்கி எழுத்துப்பிழை திருத்தி வைத்திருப்பார். யாருக்குப் போட்டார் என்று இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்றவர்கள். பிளஸ் டூ வரை படிப்பு, சுற்றுவட்டாரத்து ஊர், வீட்டில் பிள்ளைகள், சிலருக்குக் குடிக்கிற புருஷன். சம்பளம் குறைவு. பயிற்சி கொஞ்சம், மீதியெல்லாம் கூட இருந்து கற்பது. ஒருத்தி கோபத்தில் அறைந்துவிட்டாலும் மறுநாள் அவளுக்கே தலை பின்னிவிடவேண்டும். அதற்கு முன்னால் நாம் உட்கார்ந்து அழ ஒரு இடமும், கேட்க ஒரு மூத்தவளும் வேண்டும். வாரம் ஒருமுறை பணியாளர்கள் கூடிப் பேசுகிற அந்த ஒரு மணி நேரத்தை எந்தச் செலவுக் குறைப்பிலும் வெட்டாதீர்கள் என்று இப்படி வீடு நடத்த நினைக்கிற எல்லாருக்கும் சொல்வேன். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மருத்துவமனையைவிடக் கட்டுப்பாடு குறைந்த குழு இல்லங்களை அரசு அமைக்கவேண்டும் என்கிறது. கட்டிடம் கட்டுவதும் பெயர்ப்பலகை வைப்பதும் எளிது. இந்தப் பெண்களுக்கு ஒழுங்கான சம்பளம் கொடுத்து, இரவுப் பணிக்கு ஆள் போட்டு, பத்து வருடம் நிலைக்கவைப்பதுதான் வேலை.

முன்பு எங்களோடு இருந்த ஒரு அம்மா மார்பகப் புற்றுநோயில் போனார். அவருடைய கட்டிலுக்குத்தான் பிறகு சின்னவள் வந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது படிவத்தில் ‘உறவு’ என்ற இடத்தை நிரப்பாமல் எடுக்கமாட்டோம் என்றார்கள். டீச்சரம்மா பேனாவை வாங்கி ‘அக்கா’ என்று எழுதினார். மனநலச் சிகிச்சைக்குத் தனக்காகப் பேச ஒருவரை முன்பே நியமித்துக்கொள்ள மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்த அம்மா அதில் டீச்சரம்மா பெயரைத்தான் கொடுத்திருந்தார். புற்றுநோய் வார்டில் அந்தக் காகிதம் செல்லாது என்று வாதாடினார்கள். கடைசியில் ஒரு டாக்டர் புரிந்துகொண்டு உள்ளே விட்டார். கொள்ளி வைக்க அமைப்பிலிருந்து ஒரு தம்பி வந்தான், ஆனால் பெரியம்மா அவன் கையிலிருந்து வாங்கித் தானே வைத்தார். சுடுகாட்டில் யாரும் தடுக்கவில்லை. பதினாறாம் நாள் தெருவில் எல்லா வீட்டுக்கும் சொல்லிச் சாப்பாடு போட்டோம். ராத்திரிக் கூச்சலைப்பற்றி வார்டு உறுப்பினரிடம் முன்பு புகார் கொடுத்தவர்களும் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

இப்போது வீடு மாறவேண்டியிருக்கிறது. பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியவில்லை. ஒப்பந்தமும் முடிகிறது. முதல் முறை வீடு தேடியபோது அமைப்பிலிருந்து மேலாளர் ஒருவர் காரில் வந்து உரிமையாளர்களிடம் பேசினார். யார் குடியிருக்கப்போகிறார்கள், ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று கேட்பார்கள். அவர் விளக்க விளக்க அவர்கள் முகம் மாறும், ‘மேல்வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்’ என்பார்கள். பதினோரு மாத ஒப்பந்தம், பத்து மாத முன்பணம் என்று எல்லாருக்கும் சொல்வதைவிடக் கூடுதலாகக் கேட்பார்கள். கடைசியில் கிடைத்தது மாடி.

இந்தமுறை கூடத்தில் உட்கார்ந்து பேசியபோது தெலுங்கம்மா, “நம்ம வீட்டை நாமதானே பார்க்கணும்” என்றார். ஐந்து பேரும் வேண்டியதைச் சொல்ல, டீச்சரம்மா பட்டியல் போட்டார்: தரைத்தளம், கிணறு அல்லது நல்ல போர், பூச்செடி வைக்க இடம், அம்மி போட இடம், பஸ் நிறுத்தம் பக்கம், அதிகபட்ச வாடகை இவ்வளவு. மூன்று நாளாகச் சாயந்திரம் ‘வீடு வாடகைக்கு’ பலகைகளைத் தேடித் தெருத்தெருவாகப் போகிறார்கள். நான் பின்னால் போகிறேன்.

நேற்று ஒரு வீட்டில் உரிமையாளர் அம்மா என்னைப் பார்த்தே கேட்டார், “இவங்கள்லாம் யாரு? நீங்க யாரு?” நான் பேசவில்லை. திருநெல்வேலி அக்கா அரக்குப் புடவையில் முன்னால் வந்தார். “நாங்க அஞ்சு பேரு. எல்லாருக்கும் உடம்பு சரியில்லாம இருந்துச்சு, மாத்திரை சாப்பிடறோம். வாடகை அஞ்சாம் தேதிக்குள்ள வந்துடும். இவ எங்களுக்குத் துணைக்கு வர்றவ. தண்ணி எப்படி, உப்பா நல்ல தண்ணியா?” என்றார். அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு குழாயைத் திறந்து ஒரு சொம்பில் பிடித்துக் குடித்துப் பார்க்கச் சொன்னார். அக்கா குடித்துவிட்டு, லேசாக உப்பு இருக்கிறது, ஐநூறு ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். மகனிடம் கேட்டு வெள்ளிக்கிழமை சொல்வதாக அந்த அம்மா சொல்லியிருக்கிறார். அதற்குள் வேறு இரண்டு வீடு பார்த்துவைக்க வேண்டும் என்று டீச்சரம்மா இன்று காலையே கிளம்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.